தோள்சீலையும் தொடுதிரையும்

இரண்டாமாண்டுத் தமிழ் மாணவிகளிடம் ஒருநாள் கேட்டேன், தோள்சீலைப் போராட்டம் என்றால் என்னவென்று தெரியுமா என்று. பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலிருந்து காலையில் பஸ் பிடித்து வருகிறவர்கள். போராட்டம் நடந்த ஊர்களின் பெயர்களைத்தான் தினமும் கண்டக்டர் கூவக் கேட்கிறார்கள்.

பின் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "முலை வரிதானே டீச்சர்? வரி கேட்டு வந்தவன்கிட்ட முலைய அறுத்து வாழையிலையில வச்சுக் குடுத்தாங்கல்லா, அந்தக் கதை."

"எங்கே நடந்தது?"

"இங்கதான் டீச்சர். நம்ம ஊருலதான்."

சொன்னதோடு நிற்காமல் பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினாள். நாலு நிமிடக் காணொளி. உறுமுகிற இசை, நடுங்கும் குரலில் ஓர் ஆண் சொல்லும் கதை, இரத்தம் சொட்டும் ஓவியம். பெண்ணின் பெயர் நங்கேலி. கணவன் சிருகண்டன் அவளது சிதையில் பாய்ந்து உயிர் விட்டான். வகுப்பே கண்கலங்கியது. எனக்குந்தான்.

நங்கேலியின் கதை வழங்குவது ஆலப்புழை மாவட்டத்துச் சேர்த்தலையில். அவள் வாழ்ந்ததாகச் சொல்லும் இடத்துக்கு முலச்சிப்பறம்பு என்று பெயர். நம் நான்கு வட்டங்களும் ஒரு காலத்தில் அதே திருவிதாங்கூரில் இருந்தவைதான். 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆனாலும் நங்கேலி கதையும் தோள்சீலைப் போராட்டமும் ஒன்றல்ல. முன்னது ஒரு வரியைப் பற்றிய வாய்மொழி மரபு. அந்தக் காலத்து எழுத்து ஆவணம் எதிலும் அது இல்லை. பின்னது இந்த மண்ணில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் பல நூறு பெண்கள் தெருவிலும் சந்தையிலும் நின்று நடத்தியது. அதற்கு அரசாணைகள் உண்டு, மிஷனரிக் கடிதங்கள் உண்டு, வழக்குகள் உண்டு. என் மாணவிகளுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன. ஒன்றாக்கியது அவர்கள் கையில் இருந்த திரை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திருவிதாங்கூரில் மார்பைத் திறந்து காட்டுவது மேலோர் முன் செய்யும் மரியாதை. நாயர் பெண்கள் நம்பூதிரிகள் முன்னும் கோயில் முன்னும் மேலாடையை விலக்க வேண்டும். அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்களும் அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களும் மேலாடையே அணியக்கூடாது. ஒரு பெண்ணைப் பார்த்ததும் அவள் யார் முன் யார் என்று கண்ணால் அளந்துவிடும் ஏற்பாடு அது.

1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வருகிறார். கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் உடம்பை மூட விரும்புகிறார்கள். 1814-இல் கர்னல் மன்றோ ஒரு வழி சொல்கிறார்: சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளப் பெண்களும் போடுவது போன்ற குப்பாயம் அணியலாம், ஆனால் நாயர் பெண்களைப் போல் மேல்சீலை போடக்கூடாது. மிஷனரிகளின் மனைவியர் தொளதொளவென்று ஒரு சட்டை வடிவமைத்துத் தைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கேதான் நம் பெண்களின் குணம் தெரிகிறது. சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். அதன்மேல் தோளில் ஒரு சீலையையும் போட்டுக்கொண்டார்கள்.

மூடுவதுதான் நோக்கமென்றால் குப்பாயமே போதும். அந்தக் கூடுதல் துணிக்குத்தான் அடி விழுந்தது. 1822-இல் கல்குளம் பகுதியில் தொடங்கிய தாக்குதல் 1827 முதல் 1829 வரை மீண்டும் மூண்டது. சந்தைகளில் சீலையைக் கிழித்தார்கள். பள்ளிகளையும் தேவாலயங்களையும் கொளுத்தினார்கள். 1829 பிப்ரவரியில் ராணி கௌரி பார்வதி பாயின் அரசு ஆணையிட்டது: குப்பாயம் சரி, மேல்சீலை கூடாது. ஆணையிட்டவரும் ஒரு பெண்தான் என்பதை மாணவிகளிடம் சொல்லும்போது ஒரு கணம் அமைதியாகிறார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும். 1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் அறிக்கை. அதை நம்பித் தோளில் ஏறிய சீலைகள். 1859 ஜனவரியில் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் மறுபடி தீ. அந்த ஆண்டு சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகுதான் 1859 ஜூலை 26-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. அதையும் முழுதாகப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போல் சட்டை அணியலாம். முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறெந்த விதத்திலும் மார்பை மூடலாம். உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் கூடாது. மூடிக்கொள், ஆனால் அவளைப் போல் தோன்றாதே என்று பொருள்.

இவ்வளவு ஆவணங்களையும் வாசித்த பிறகு எனக்கு நெடுநாள் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அவற்றில் மன்றோ இருக்கிறார், மீட் இருக்கிறார், ரெசிடெண்ட் கல்லன் இருக்கிறார், திவான் மாதவ ராவ் இருக்கிறார். அடி வாங்கிய பெண்கள் பெரும்பாலும் 'பெண்கள்' என்றே இருக்கிறார்கள். கடிதமெழுதியவர்கள் ஆண்கள். அவை கப்பலேறி லண்டன் போய் அச்சாகின. அன்றைய உலக வலைப்பின்னல் அதுதான். அதில் இப்பெண்களுக்கு உடம்பு இருந்தது, பெயர் இல்லை.

நங்கேலி ஏன் இத்தனை வேகமாகப் பரவினாள் என்பதற்கு என்னிடம் உள்ள விளக்கம் இதுதான். ஆவணம் கொடுக்க மறுத்த பெயரை அவள் கொடுத்தாள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். 2016 ஜூலையில் பிபிசி இணையதளம் நங்கேலியைப் பற்றியும் அவளை வரைந்த ஓவியர் முரளியைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட்டது. செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தது. ஒரு எம்பி, இரண்டு எம்பி என்று காசு எண்ணி இணையம் பார்த்த வீடுகளில் காணொளி தண்ணீர்போல் ஓடத் தொடங்கியது. டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு பேசும் பாடத்திலிருந்து சாதி மோதலும் உடை மாற்றமும் பற்றிய பகுதியை நடத்த வேண்டாம், அதிலிருந்து கேள்வி கேட்க மாட்டோம் என்று சுற்றறிக்கை விட்டது. அப்பகுதி நாடார்களைக் குடியேறிகளாகவும் நாயர்களுக்குக் கீழ்ப்பட்டவர்களாகவும் சித்திரிக்கிறது என்று தமிழ்நாட்டில் 2012 முதலே எதிர்ப்பு இருந்தது. எதிர்ப்பில் நியாயம் உண்டு. திருத்தி எழுதியிருக்க வேண்டும். எடுத்துவிடுவது எளிதாயிற்று. 2019-இல் அந்தப் பாடம் முழுதாகவே போய்விட்டது.

ஆக, ஆறு மாதத்துக்குள் ஒரு கதை உள்ளங்கைக்குள் வந்தது. ஒரு வரலாறு வகுப்பறையை விட்டு வெளியேறியது. திட்டமிட்டு யாரும் செய்ததில்லை. ஆனால் 2016-க்குப் பிறகு பருவமெய்திய பெண்களின் நினைவு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உருவாயிற்று.

தமிழில் இக்கதை ஊன்றியதற்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. நம் காது ஏற்கெனவே பழகிய காது. கண்ணகி முலை திருகி எறிந்தாள். நற்றிணையில் ஒரு முலை அறுத்த திருமாவுண்ணி வருகிறாள். நீதி கேட்கும் பெண் தன் உடம்பைத்தான் முதலில் தர வேண்டும் என்பது நமக்கு விசித்திரமாகப் படுவதில்லை. 2002-இல் குட்டி ரேவதி தம் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது என்ன கூச்சல் எழுந்தது என்பது எங்கள் தலைமுறைக் கவிஞர்களுக்கு மறக்காது. உயிரோடிருக்கும் ஒரு பெண் தன் முலையைப் பற்றித் தானே எழுதினால் ஆபாசம். அறுத்துக் கொடுத்துவிட்டுச் செத்தால் காவியம். அந்தக் காணொளியைக் கண்ணீரோடு பகிர்கிற ஆண்களில் எத்தனை பேர் அந்தத் தொகுப்பை வாசித்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

2017-இல் வரலாற்றெழுத்தாளர் மனு எஸ். பிள்ளை ஒரு கட்டுரையில் இதைத் தொட்டார். நங்கேலியின் எதிர்ப்பு அநியாய வரிக்கு எதிரானது. பிற்காலம் அதை மானங்காத்த கதையாக்கிவிட்டது என்பது அவர் வாதம். முலைக்கரம் என்பதே கீழ்ச்சாதிப் பெண்கள்மேல் விழுந்த தலைவரி; ஆண்களுக்குத் தலைக்கரம், பெண்களுக்கு அந்தப் பெயர். மார்பை மூடியதற்கான வரி என்பது பின்னால் ஏறிய விளக்கம். இணையம் தோள்சீலைக்கும் அதையே செய்தது. 'மானம் காக்கப் போராடிய மங்கையர்' என்றுதான் தலைப்பு வைக்கிறார்கள். குப்பாயம் கிடைத்த பிறகும் ஏன் சீலைக்கு அடி வாங்கினார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தலைப்பில் இடமில்லை.

இணையத்தைக் குறைசொல்லவே இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில் சாமுவேல் மெட்டீரின் 1871-ஆம் ஆண்டுப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்கத் திருவனந்தபுரம் போக வேண்டியிருந்தது. பெண் ஆய்வாளர் என்றால் மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற வீட்டுச் சட்டமும் கூட வரும். பஸ் தாமதமானால் அன்றைக்கு வாசித்தது நாலு பக்கம். இன்றைக்கு அதே புத்தகம் ஆர்க்கைவ் தளத்தில் கிடக்கிறது. என் மாணவி மார்த்தாண்டத்திலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வாசிக்கலாம். பாடநூலிலிருந்து நீக்கிய பக்கங்களும் பிடிஎஃப்பாக உலவுகின்றன. தடுக்கப்பட்ட நூலகத்துக்குள் பின்வாசல் வழியாக நுழைந்த உணர்வு எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் பின்வாசலுக்குள் இருப்பது ஆங்கிலம். தமிழில் கிடைப்பது பெரும்பாலும் காணொளி. ஒரு சாதிச் சங்கம் எடுத்தது, ஒரு மத அமைப்பு எடுத்தது, பார்வையாளர் எண்ணிக்கைக்காக எவரோ எடுத்தது. இப்போராட்டம் யாருடையது, கிறிஸ்தவர்களுடையதா, அய்யா வைகுண்டர் வழி வந்தவர்களுடையதா, எந்தச் சாதியின் வெற்றி என்று சண்டை போடுகிறார்கள். 2023 மார்ச் 6-ஆம் தேதி நாகர்கோவில் நாகராஜா திடலில் இருநூறாவது ஆண்டு விழா நடந்தது. தமிழக முதல்வர் ஸ்டாலினும் கேரள முதல்வர் பினராயி விஜயனும் ஒரே மேடையில். இரண்டு மாநிலங்கள் சேர்ந்து ஒரு துணிப் போராட்டத்தை நினைவுகூர்ந்தது சிறிய விஷயமில்லை. அன்று இரவே என் வாட்ஸப்பில் வந்து விழுந்த துண்டுக் காட்சிகளில் தலைவர்களின் பேச்சு இருந்தது. 1859-க்கும் இதற்கும் இடையில் அனுப்பும் கருவி மாறியிருக்கிறது. யாரைப் பற்றி அனுப்புவது என்பது அவ்வளவாக மாறவில்லை.

துணியைப் பற்றிப் பேசும்போது வேலையைப் பற்றியும் பேச வேண்டும். 1821-இல் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைச் சாதிகளில் பிறந்த சிறுமிகளும் அதில் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே லேஸ் விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. இவர்கள் பின்னியது கடல் தாண்டி ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்தில் ஏறியது.

என் மாணவி ஒருத்தியின் அக்கா குளச்சல் பக்கம் ஆரி ஒர்க் பிளவுஸ் போடுகிறாள். கடை கிடையாது. இன்ஸ்டாகிராம் பக்கம்தான் கடை. அளவு ஜாக்கெட்டைக் கூரியரில் அனுப்பினால் பத்து நாளில் தைத்து அனுப்புவாள், பணம் ஜிபேயில். துபாயிலிருந்தும் ஆர்டர் வருகிறது. இருநூறு ஆண்டுக்கு முந்தைய லேஸ் பின்னலின் பேத்தி இவள் என்று எனக்குப் பெருமை. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வரிசையாகப் பிளவுஸ்கள், போட்டிருப்பது அவளேதான். எல்லாப் படமும் கழுத்தோடு வெட்டுப்பட்டிருந்தது. "முகம் வரக்கூடாதுன்னு அத்தான் சொல்லியிருக்காங்க" என்றாள் தங்கை.

சீலை போட்ட பெண்களின் முகத்தை மிஷனரிக் கடிதம் விட்டுவிட்டது. பிளவுஸ் போட்ட பெண்ணின் முகத்தை வீடு வெட்டுகிறது. வீட்டின் பயத்தை வெறும் ஆணாதிக்கம் என்று தள்ளிவிடவும் எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் 2020 ஏப்ரல் எனக்கு நினைவிருக்கிறது.

ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம். அடுத்து வந்த மாதங்களில் ஆன்லைன் வகுப்பு என்று சொல்லித்தான் எங்கள் மாணவிகள் பலருக்கு முதன்முதலாகத் தனி போன் கிடைத்தது. அந்த ஏப்ரலில்தான் நாகர்கோவில்காரன் ஒருவன், சமூக வலைதளங்களில் பெண்களோடு பழகிப் படமெடுத்து மிரட்டிப் பணம் பறித்தவன், சென்னை மருத்துவர் ஒருவர் கொடுத்த புகாரில் கைதானான். வழக்கு சிபிசிஐடிக்குப் போயிற்று. சுமார் 120 பெண்களின் படங்களும் காணொளிகளும் அவன் மடிக்கணினியில் இருந்ததாக உயர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

வழக்கு தொடங்கியபோது என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஆன்லைன் வகுப்பிலிருந்து மாணவிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார், அண்ணன் உடைத்தான், பாட்டனி நோட்ஸ் எடுக்க மட்டும் அம்மா முன்னால் பார்க்கலாம். குற்றம் செய்தவன் கையில் போன் இருந்தது. எதுவும் செய்யாத பெண்களின் கையிலிருந்து போன் போயிற்று. புகார் கொடுத்த அந்த ஒரு பெண் இல்லையென்றால் வழக்கே இல்லை. 120 பேரில் எத்தனை பேருக்கு அப்படி எழுந்து வர முடிந்தது? அவர்களின் பெயரைச் சட்டம் மறைத்துவைக்கிறது. அது சரியான மறைப்பு. யார் பார்க்கலாம் என்பதை அவர்கள் தீர்மானிக்க வேண்டும். மறைப்பதும் அவர்கள் விருப்பமாக இருக்க வேண்டும்.

2022-இல் ஈரானில் மாசா அமினி இறந்தபோது வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "அங்க துணியக் கழத்தப் போராடுதாங்க, இங்க போடப் போராடினாங்க. ரெண்டுல எது டீச்சர் சரி?" சந்தையில் சீலையைக் கிழித்த கையும் தெஹ்ரான் தெருவில் முக்காட்டைத் திருத்தச் சொன்ன கையும் வேறுவேறா என்று திருப்பிக் கேட்டேன். மணி அடித்துவிட்டது. அவள் பதில் சொல்லவில்லை.

தன் முகத்தோடு திரைக்கு வந்த நம்மூர்ப் பெண்களும் உண்டு. 2017 நவம்பர் 30, ஒக்கி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று எங்கள் மேற்குக் கடற்கரை முழுக்க ஆழ்கடல் போனவர்கள் திரும்பவில்லை. எச்சரிக்கை கரையில் செல்போனில் வந்தது. கரை தாண்டிச் சில மைல் போனால் சிக்னல் இல்லை. பல நாள் தங்கி மீன்பிடிக்கிறவனுக்கு அது வந்துசேரவில்லை. தேடப் போகவில்லை என்று பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். செய்தித் தொலைக்காட்சிகள் சென்னையிலிருந்து வந்துசேரும் முன்பே ஊர்ப் பையன்களின் போனில் அந்தப் பெண்கள் பேசிவிட்டிருந்தார்கள். தலைவிரி கோலமாக, அழுதுகொண்டு, திட்டிக்கொண்டு, ஆள் பெயரும் படகுப் பெயரும் சொல்லி. டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்துபோய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். படத்தில் வருகிறோமே என்று எவரும் முந்தானையால் முகத்தை மறைக்கவில்லை. நங்கேலி காணொளியில் நான் தேடிய கூட்டம் அங்கே இருந்தது.

அந்தக் கடற்கரையிலிருந்து ஒரு பெண் இப்போது என்னிடம் படிக்கிறாள். ஒக்கியின்போது பள்ளி மாணவி. அம்மாவும் பாட்டியும் குழித்துறைக்கு நடந்தவர்கள். 1859 அறிவிப்பின் சாரத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணி கட்டலாம் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"எங்க பாட்டிமாரு கட்டுனது போலக் கட்டலாம்னு ராஜா சொல்லியிருக்காரா டீச்சர்?" சிரித்தாள். "அப்போ எங்களை மாதிரி இருக்கதுதான் அவங்களுக்குக் குடுத்த சலுகையா?"

நான் இருபது ஆண்டுகளாகப் படித்த ஆவணம் அது. அந்த வரியை அங்கிருந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த வாரம் அதை ஒரு ரீல்ஸாகப் போட்டிருந்தாள். ஒன்றரை நிமிடம். இசை கிடையாது, அவள் குரல் மட்டும். திரையில் அவளுடைய கை தெரிந்தது, நோட்டின் பக்கங்களைப் புரட்டியபடி. முகம் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"அப்பா கண்டா போனை வாங்கி வச்சிருவாங்க டீச்சர்" என்றாள். "பேரைப் போட்டிருக்கேன். பாத்தீங்களா?"

பார்த்தேன். கீழே, சின்ன எழுத்தில், இன்ஷியலோடு இருந்தது.